தொலைக்காட்சிச் சொல்லரங்கும் பள்ளிப் பொழுதும்: வினாவிடை மரபு நோக்கில் ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

திறனாய்வு என்பது ஏட்டில் எழுதப்பெற்ற நூல்களுக்கு மட்டும் உரியது அன்று. மக்கள் கூடிக் கேட்கும் சொல் யாதாயினும், அதற்கு ஓர் அமைப்பும் மரபும் இருக்குமாயின், அஃது ஆராய்ச்சிக்கு உரியதே ஆகும். நாட்டுப்புறப் பாடலும் தெருக்கூத்தும் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் வாயிலுக்கு வெளியே நின்றன. காலம் தாழ்த்தே அவை உள்ளே அழைக்கப்பெற்றன. இன்று தமிழ் மக்களுள் மிகப் பலர் ஞாயிறுதோறும் கேட்டு வரும் சொல்வடிவம் தொலைக்காட்சி விவாத அரங்கு ஆகும். அதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆராய்ந்து பார்த்தலே கடன்.

அவ்வரங்கில் அடிக்கடி எடுத்துக்கொள்ளப்பெறும் பொருள்களுள் பிள்ளைகளின் படிப்பு ஒன்று. பெற்றோர் ஒரு புறமும் பிள்ளைகள் மறுபுறமும், அல்லது ஆசிரியர் ஒரு புறமும் பெற்றோர் மறுபுறமும் அமர்ந்து வாதிடுகின்றனர். ‘பள்ளிப் பொழுது நீள வேண்டுமா, குறைய வேண்டுமா?’ என்னும் வினா இத்தகைய அரங்குக்கு மிகப் பொருந்திய வினாப்போலத் தோன்றும். இரு பக்கம் உண்டு. எல்லார்க்கும் சொல்ல ஏதேனும் உண்டு. ஆயினும் அவ்வினா இவ்வரங்கில் விடை பெறாது என்பதே எம் கருத்து. அஃது ஏன் என்பதைப் பழைய இலக்கணத்தின் துணைகொண்டு விளக்க முயல்வோம். ஒரு குறித்த நாளின் நிகழ்ச்சியை எடுத்து அதன் குற்றம் காட்டுதல் எம் நோக்கம் அன்று. வடிவத்தின் இயல்பே ஈண்டு ஆராய்பொருள்.

2. அரங்கின் வழிமுறை

‘பட்டிமண்டபம்’ என்னும் சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் காணப்பெறுகின்றது. மகத மன்னன் கரிகாலனுக்கு அளித்ததாகச் சிலம்பு கூறுவது ஒரு கட்டடம். மணிமேகலையோ, இந்திரவிழாவை அறிவிக்குமிடத்து, வாதிடும் தகுதியுடையோரை அம்மண்டபத்தில் ஏறுமாறு அழைக்கின்றது. அவ்விடத்தில் இரண்டு செய்திகள் கருதற்பாலன. ஏறுவோர் அதன் முறைமையை அறிந்தவராய் இருத்தல் வேண்டும்; பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாது நீங்குதல் வேண்டும். அறிவும் அடக்கமும் ஆகிய இவ்விரண்டையும் அரங்கேறுவார்க்குக் காப்பியம் வரையறை செய்கின்றது.

இருபதாம் நூற்றாண்டில் அப்பழஞ்சொல் புத்துயிர் பெற்றது. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் தோற்றுவித்த கம்பன் கழகத்தின் விழாக்களில் காப்பிய மாந்தரைப் பற்றிய பட்டிமண்டபங்கள் சிறந்து விளங்கின. குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராய் அமர்ந்து சமுதாயப் பொருள்களையும் அம்மேடைக்குக் கொணர்ந்தனர். 1993-இல் சன் தொலைக்காட்சி தோன்றிய பின்னர்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா நடுவராய் அமர்ந்த பட்டிமன்றம் பண்டிகை நாள்களின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. நடிகரும் இயக்குநருமான விசு (2020-இல் மறைந்தார்) நடத்திய ‘அரட்டை அரங்கம்’ பல ஊர்களுக்குச் சென்று பொதுமக்கள் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தது. 2006-இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நீயா நானா’ இவ்வடிவத்தை மேலும் மாற்றியது. கோபிநாத் நடத்தும் இந்நிகழ்ச்சியில் மேடையும் இல்லை. நடுவர் இருக்கையும் இல்லை. இரு திரளாக மக்கள் எதிரெதிரே அமர, நடத்துநர் இடையில் நின்று வினவுகின்றார்.

இவ்வரலாற்றில் ஒரு போக்குத் தெளிவாகத் தெரிகின்றது. முதலில் நூல் கற்றோர் நூற்பொருள் பற்றி வாதிட்டனர். பின்னர்ப் பேச்சாளர் வாழ்க்கைப்பொருள் பற்றி வாதிட்டனர். இன்று வாழ்வோரே தம் வாழ்வு பற்றி வாதிடுகின்றனர். இம்மாற்றத்தை வீழ்ச்சி என்று கூறுவார்க்கு யாம் உடன்படோம். அடுக்களையில் மட்டும் கேட்டு வந்த மருமகளின் மனக்குறையும், தந்தை முன் வாய் திறவாத மகனின் சொல்லும் பொதுவில் ஒலிக்கத் தொடங்கியது சிறு பேறு அன்று. ஆயினும் ஒரு வடிவம் ஒன்றைப் பெறும்போது மற்றொன்றை இழத்தல் இயல்பு. இழந்தது யாது என்பதே வினா.

3. வினவும் முறை

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வினாவும் விடையும் வழுவாமற் காக்கப்பெறல் வேண்டும் என்பர். பவணந்தியார் நன்னூலில் வினாவினை ஆறாக வகுப்பர்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. விடை அறிந்த ஆசிரியன் மாணவனை வினவுதல் அறிவினா. இதுவோ அதுவோ எனத் துணியமாட்டாது வினவுதல் ஐயவினா. ஒன்றைச் செய்விக்கும் கருத்தால் வினவுதல் ஏவல்வினா.

தொலைக்காட்சி அரங்கின் தலைப்புகள் எல்லாம் ஐயவினாவின் உருவில் அமைகின்றன. ‘கண்டிப்பா, அன்பா?’, ‘கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா?’ என்றாற்போல இரண்டனுள் ஒன்றைத் துணிய வேண்டுவதாகவே தலைப்பு நிற்கும். ஆனால் ஐயவினாவுக்கு இன்றியமையாதது வினவுவானிடத்து உள்ள ஐயம். இரு திரளும் முன்னரே பிரிக்கப்பெற்று அமர்த்தப்பெறுவதால், அரங்கில் ஐயம் உடையார் ஒருவரும் இலர். ‘எனக்கு இரண்டும் சரியாகவே படுகின்றன’ என்று சொல்ல வந்தவர்க்கு அமரும் இடம் யாண்டு உளது? ஆகவே உருவத்தால் ஐயவினாவாகிய தலைப்பு, செயலால் ஏவல்வினா ஆகிவிடுகின்றது. ‘உன் பக்கத்தை விடாதே, பேசு’ என்பதே அதன் உட்பொருள்.

பள்ளிப் பொழுது பற்றிய வினாவை இதனோடு சேர்த்து நோக்குக. அதன் முதல் நிலை ஐயவினாவும் அன்று, அறியாவினா. இப்பொழுது பள்ளி எத்துணை நேரம் நடைபெறுகின்றது? அதனுள் கற்பிக்கும் நேரம் எவ்வளவு? எந்த வகுப்புக்கு? எந்த ஊரில்? இவற்றை வினவி அறிந்த பின்னரே ‘நீளலாமா, குறையலாமா’ என்னும் ஐயம் பிறத்தற்கு இடம் உண்டு. அறியாவினாவைக் கடந்து நேரே ஐயவினாவுக்குத் தாவுதல் இவ்வரங்கின் முதற்குறை.

4. விடை கூறும் முறை

விடைகளை நன்னூலார் எட்டாக வகுப்பர்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன. இவற்றுள் முதல் மூன்றும் நேரே பொருள் தருவன. ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. ‘ஆடுவாயா?’ என்று வினவியார்க்குக் ‘கால் வலித்தது’ என்பது உற்றது உரைத்தல். ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். இரண்டும் ஆடேன் என்னும் பொருளைப் பயத்தலின் விடையாகக் கொள்ளப்பெற்றன. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. வினாவும் ஒருவனைப் பற்றியது. விடையும் அவனைப் பற்றியது. அதனாலேயே கால் வலி ஆட்டத்துக்கு விடையாயிற்று.

தொலைக்காட்சி அரங்கில் ஒலிக்கும் விடைகளுள் பெரும்பாலன இவ்விரு வகையைச் சார்ந்தனவே. ‘என் மகன் மாலையில் களைத்து வந்து உறங்கிவிடுகின்றான்’ என்பார் ஒரு தாய். இஃது உற்றது உரைத்தல். ‘பள்ளி முன்னதாக விட்டால் பிள்ளை கைப்பேசியில் மூழ்கிவிடுவான்’ என்பார் ஒரு தந்தை. இஃது உறுவது கூறல். இவை பொய் அல்ல. கேட்போர் நெஞ்சைத் தொடுவனவும் இவையே. ஆனால் வினா பல இலட்சம் பிள்ளைகளைப் பற்றியது. விடை ஒரு பிள்ளையைப் பற்றியது. ஒருவனுக்கு உற்றது அவனைப் பற்றிய வினாவுக்கு விடையாகும். எல்லாரையும் பற்றிய வினாவுக்குச் சான்றாகுமேயன்றி விடையாகாது. சான்றினை விடை என்று மயங்குதல் இவ்வரங்கின் இரண்டாவது குறை.

‘அரங்கு மக்களின் உணர்வைக் காட்டும் இடம், ஆணை பிறப்பிக்கும் இடம் அன்று. அதனிடத்துச் சுட்டு விடையை எதிர்பார்த்தல் முறையோ?’ என்று வினவுவாரும் உளர். அத்தடை பொருந்துவதே. உணர்வைக் காட்டும் அளவில் அரங்கு நின்றுவிடுமாயின் யாமும் குறை கூறோம். ஆனால் முறை அரங்கோடு நிற்கவில்லை; வகுப்பறைக்கும் வந்துவிட்டது. முதுகலை மாணவரிடம் ஒரு பொருள் பற்றிக் கட்டுரை எழுதுமாறு கூறின், அவருள் பலர் பொருளை இரு பக்கமாகப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு நிகழ்ச்சி கூறி, ஈற்றில் ‘இரண்டும் வேண்டும்’ என்று முடிக்கின்றனர். நன்னூற் பாயிரம் எழுவகை மதம் கூறும். உடன்படலும் மறுத்தலும் அவற்றுள் முதல் இரண்டே. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுச் சென்று பின்னர்க் களைதலும், தான் ஒன்றை நிறுவி அதனை இறுதிவரை நிலைநிறுத்தலும், இருவர் மாறுபட்டுழி ஒரு பக்கம் துணிதலும் அங்கே வகைப்படுத்தப்பெற்றுள்ளன. ஏழனுள் இரண்டனையே அறிந்த மாணவர் தலைமுறை உருவாகுமாயின், அஃது ஆராய்ச்சிக்கு வந்த கேடேயாகும்.

5. பொழுதும் நிலமும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்பர். பொழுது தனித்து நில்லாது. யாண்டு, யார்க்கு என்பவற்றோடு சேர்ந்தே பொருள் தரும். மாலை முல்லைக்கு உரியதாகவும் யாமம் குறிஞ்சிக்கு உரியதாகவும் வகுக்கப்பெற்றது இதனால் அன்றோ? பள்ளிப் பொழுதுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை நம் நாட்டு வரலாறே காட்டும்.

1953-இல் சென்னை மாநில முதலமைச்சராய் இருந்த இராசகோபாலாச்சாரியார் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கல்வித் திட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். பிள்ளைகளின் பள்ளிப் பொழுது நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பெற்றது. இரு வேளையாகப் பள்ளி நடத்தி, உள்ள ஆசிரியரைக் கொண்டே மிகுதியான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பதும், எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்பதும் அதன் கருத்துகள். திட்டத்தை எதிர்த்தோர் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அழைத்தனர். பெரியாரின் திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் போராடின. சட்டமன்றத்திலும் வாதம் நிகழ்ந்தது. பருலேகர் தலைமையில் குழு ஒன்றும் அமைக்கப்பெற்றது. 1954 ஏப்பிரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பெற்றது.

அவ்வாதத்தின் இயல்பை நோக்குக. அதுவும் இரு பக்கம் உடையதே, உணர்ச்சி மிக்கதே. ஆயினும் எதிர்த்தோர் மணியை மட்டும் எண்ணவில்லை. குறைக்கப்பெற்ற பொழுதில் பிள்ளை என்ன செய்வான் என்று வினவினர். சலவைத் தொழிலாளியின் மகன் எதைக் கற்பான், வழக்குரைஞரின் மகன் எதைக் கற்பான் என்பதே அவர்தம் வினாவின் உட்கிடை. பொழுதின் அளவு, நிலத்தோடும் குலத்தோடும் சேர்த்து நோக்கப்பெற்றது. ‘மூன்று மணி நேரம் போதுமா?’ என்னும் வினா ‘யார் பிள்ளைக்கு?’ என்னும் வினாவாக மாறியபோதே விடையும் பிறந்தது. இருவர் மாறுபட்டுழி ஒருதலை துணிதல் என்பதற்கு நம் பொதுவாழ்வில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

பிற்காலத்துச் செய்திகளும் இதனையே வலியுறுத்துவன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாளும் 800 கற்பிக்கும் மணியும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாளும் 1,000 மணியும் குறைந்த அளவாக வகுத்தது. வகுத்துப் பார்ப்பின் முன்னதற்கு நாளொன்றுக்கு 4 மணியும், பின்னதற்கு நாலரை மணிக்குச் சற்று மிகுதியும் ஆகும். அதே சட்டம் ஆசிரியர்க்கு, ஆயத்த நேரம் உட்பட, வாரத்துக்கு 45 மணியைக் குறித்தது. பள்ளிப் பொழுது நீள்வதாயின் இவ்வாயத்த நேரத்துக்கு என்ன நேரும் என்பதும் ஒரு வினா. பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் இடையே நிகழும் வாதத்தில் அது தோன்றுதற்கு இடமே இல்லை.

பொழுதின் இரு முனைகளிலும் நம் காலத்தில் நிகழ்ந்த மாற்றங்களும் கருதற்குரியன. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் நாளை முதல் மணி அடிப்பதற்கு முன்னரே தொடங்கிவைத்தது. 2021-இல் தோன்றிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், பெருந்தொற்றால் இழந்த கல்வியை ஈடுசெய்யத் தன்னார்வலரைக் கொண்டு மாலை வகுப்புகளை நடத்தியது. இவ்விரண்டும் பாடவேளை அட்டவணையைத் தொடாமலே பள்ளியின் பொழுதை நீட்டின. ஒன்று பசி நோக்கி நீட்டியது. மற்றொன்று இழப்பு நோக்கி நீட்டியது. ‘நீட்டல் நன்றா, தீதா?’ என்று பொதுவில் வினவுவார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

அண்டை நாடாகிய கேரளத்தில் 2025-இல் உயர்நிலை வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம் கூட்டப்பெற்றபோது, காலையில் நிகழும் மதரசாக் கல்விக்கு அது தடையாகும் என்று முசுலிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. எப்பக்கம் நேர் என்பது ஈண்டு எம் ஆராய்ச்சி அன்று. பள்ளிக்கு வெளியே உள்ள பொழுது வெறும் வெளி அன்று. அது பிறிதொன்றால் முன்னரே நிரம்பியுள்ளது என்பதே யாம் காட்ட விரும்புவது. முன்னர் மதரசா, பிறவிடங்களில் தம்பி தங்கையரைப் பேணுதல், கால்நடை பார்த்தல், தனிப்பயிற்சி, கடைசிப் பேருந்து.

6. தீர்ப்பு

கடைசிப் பேருந்து என்று எழுதியமைக்குக் காரணம் உண்டு. பிறர் குறை கூறுமுன் எம் குறையைக் கூறுதல் முறையாதலின், அதனையும் ஈண்டு எழுதுகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன்னர் ஒரு கல்லூரியின் முத்தமிழ் விழாவில் நடுவராய் அமரும் வாய்ப்பு எமக்கு நேர்ந்தது. தலைப்பு, ‘மாணவர் நலத்துக்கு வேண்டுவது பள்ளிப் பொழுதை நீட்டலா, குறைத்தலா?’ என்பது. அணிக்கு மூவர். ஆறு மாணவரும் நன்கு பேசினர். நகையும் உருக்கமும் அளவாய் அமைந்தன. யாம் எழுந்து, பொழுது நீள்வதும் குறைவதும் பெரிதல்ல, வகுப்பறையில் அன்பு நிறைவதே பெரிது என்று தீர்ப்புக் கூறினோம். அவை நெடுநேரம் கைதட்டியது. யாமும் மகிழ்ந்தோம்.

விழா முடிந்தபின் முதலாண்டு மாணவி ஒருவர் எம்மிடம் வந்தார். ‘ஐயா, எங்கள் ஊருக்கு மாலையில் ஒரே பேருந்து. பள்ளியில் படித்த காலத்தில் கடைசி வகுப்பு முடிவதற்கு முன்பே நான் எழுந்து போய்விடுவேன். அது கணக்கு வகுப்பு. ஐயா சொன்ன தீர்ப்பின்படி எனக்குப் பொழுது நீள வேண்டுமா, குறைய வேண்டுமா?’ என்று வினவினார். எள்ளலாக அன்று, அறியும் விருப்பத்தோடு வினவினார். யாம் விடை கூறவில்லை, கூற இயலவில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்தோம். அவர் கூறியதும் உற்றது உரைத்தலே. ஆயினும் அவர் அதனை விடையாகக் கூறவில்லை. வினாவுக்கு அடிப்படையாகக் கூறினார். தமக்கு உற்றதிலிருந்து பொதுவாகிய ஒன்றைக் கேட்டார். அவர் வினா ஒன்றே அன்று மேடையில் எழாத உண்மையான ஐயவினா. அவ்வூரில் பள்ளி அரை மணி நேரம் நீளுமாயின் அவர் இழப்பு அரை மணி நேரம் மிகும். பேருந்து அரை மணி தாழ்த்து வருமாயின், பள்ளி ஒரு நொடியும் நீளாமலே அவர்க்குக் கணக்கு வகுப்புக் கிட்டும். பொழுதைப் பற்றிய வினாவுக்கு விடை நிலத்தில் இருந்தது. ஆறு பேச்சாளரும் நடுவராகிய யாமும் நிலத்தை மறந்தே பொழுதைப் பேசினோம்.

‘இரண்டும் வேண்டும்’ என்றும், ‘இரண்டினும் மேலானது அன்பு’ என்றும் அமையும் தீர்ப்புகள் கேட்போரை மனநிறைவோடு வீட்டுக்கு அனுப்புவன. கம்பனின் மாந்தர் பற்றிய வாதத்தில் அத்தீர்ப்பால் எவர்க்கும் தீங்கு இல்லை. பரதனும் இலக்குவனும் அதனால் வருந்தப் போவதில்லை. வாழும் பிள்ளையின் நாளைப் பற்றிய வாதத்திலோ துணியாத் தீர்ப்பும் ஒரு தீர்ப்பாகிவிடுகின்றது. உள்ள நிலையே தொடர்க என்பது அதன் பொருள். காப்பியப் பட்டிமண்டபத்தின் தீர்ப்பு முறையைச் சமுதாய வினாவுக்கு மாற்றிக்கொண்டது இவ்வடிவத்தின் மூன்றாவது குறை. அக்குறையில் தமிழாசிரியராகிய எமக்கும் பங்கு உண்டு.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். தொலைக்காட்சிச் சொல்லரங்கு பட்டிமண்டப மரபின் வழித்தோன்றல். பேசாதாரைப் பேசச் செய்தமையால் அம்மரபை அது விரிவாக்கியுள்ளது. ஆயினும் அறியாவினாவைக் கடந்து ஐயவினாவுக்குத் தாவுதலும், உற்றது உரைத்தலையே முழுவிடையாகக் கொள்ளுதலும், துணியாது தீர்த்தலும் அதன்கண் உள்ள குறைகள். பள்ளிப் பொழுது போன்ற பொருள், நிலத்தோடும் குலத்தோடும் கூலியோடும் பிணைந்ததாதலின், இம்மூன்று குறைகளாலும் மிகுதியாகப் பாதிக்கப்பெறுகின்றது.

இவை தீரா நோய்கள் அல்ல. வாதம் தொடங்குமுன் உள்ள நிலையை எண்ணோடு எடுத்துரைத்தல், எப்பக்கமும் சாராதார்க்கு ஒரு வரிசை இருக்கை அளித்தல், உற்றது உரைத்தாரிடம் ‘இஃது உம் ஊர்க்கு மட்டுமோ?’ என்று மறுவினா விடுத்தல் என்னும் மூன்றும் எவ்வரங்குக்கும் இயல்வனவே. கல்லூரிப் பட்டிமன்றங்களில் முதற்கண் இவற்றைச் செய்து பார்த்தல் எம்மனோர் கடன்.

முதுகலை மாணவர்க்கு ஈண்டு ஆராய்ச்சிப் பொருளும் உண்டு. அரங்க நிகழ்ச்சிகள் சிலவற்றை எழுத்தில் பெயர்த்து, அவற்றின்கண் உள்ள வினாக்களை ஆறாகவும் விடைகளை எட்டாகவும் வகைப்படுத்தி எண்ணிப் பார்த்தல் வேண்டும். எம் கருத்து அவ்வெண்ணிக்கையால் உறுதிப்படலாம், மறுக்கவும் படலாம். எங்ஙனமாயினும் பவணந்தியாரின் வகைப்பாடு தேர்வுத்தாளை விட்டு வெளியே வந்து பயன்படும். கடைசி வகுப்பை விட்டு எழுந்து சென்ற அம்மாணவிக்கு யாம் தரவேண்டிய விடை இன்னும் கடனாகவே உள்ளது. அதனைத் தேடும் முயற்சியின் தொடக்கமே இக்கட்டுரை.